இரண்டு செங்குத்துக் கோடுகள்

கீழமுந்தல் உப்பளத்தில் முந்நூற்று நாற்பது பேரின் நெஞ்சிலும் ஒரே நொடியில் சிவப்பு விளக்கு எரிந்ததற்கு முழுக் காரணம் நான்தான். ஒரே ஒரு சட்டையைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் சோதனைப் பெட்டியில் 'இந்தச் சட்டைக்கு மட்டும்' என்று ஒரு பொத்தானும் 'எல்லாச் சட்டைக்கும்' என்று ஒரு பொத்தானும் உண்டு. இரண்டையும் அரை அங்குல இடைவெளியில் வைத்து வடிவமைத்த மேதையும் நானே.

மதியம் பன்னிரண்டு இருபது. நாற்பத்து மூன்று டிகிரி. காற்று அசையவில்லை. பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் குனிந்து தங்கள் நெஞ்சைப் பார்த்தார்கள். பிறகு பக்கத்து ஆளின் நெஞ்சைப் பார்த்தார்கள். பலகைகளைக் கீழே போட்டுவிட்டு, வரிசையாக நிழற்கொட்டகையை நோக்கி நடந்தார்கள்.

மேற்பார்வையாளர் இருதயராஜ் வரப்பில் ஓடிவந்தார். "சார், என்ன சார் பண்ணுனிய? மத்தியானத்துல செவப்பு எரியுது!"

"சிக்னல் பிரச்சினை" என்றேன். பொறியாளர்களுக்கு ஆண்டவன் கொடுத்த வரம் அந்தச் சொல்.

பழைய நிலைக்குக் கொண்டுவரப் பதினோரு நிமிடம் பிடித்தது. மறுபடி எல்லா நெஞ்சிலும் பச்சை எரிந்தது. மறுபடி எல்லாரும் வெயிலுக்குள் இறங்கினார்கள். கடைசியாகப் போன ஒரு பெண் மட்டும் என் பக்கம் திரும்பி, "மத்தியானம் செவந்து இன்னைக்குத்தான் பாக்கேன் சார். நல்லா இருந்துச்சு" என்றாள்.

அவள் பெயர் ஜெயரூபி என்பது எனக்கு அப்போதே தெரியும். அவள் கணவன் தேவதுரையின் கோப்பு என் பையில் இருந்தது.

குளிர்ச்சட்டை பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோடை நம்மை வீட்டுக்குள் விரட்டத் தொடங்கிய பிறகு, வெளியில் வேலை செய்கிற எவரும் அதைப் போடாமல் இறங்கக் கூடாது என்று சட்டம் வந்தது. முதுகில் ஒரு பனிப்பை, உடம்பு முழுக்க மெல்லிய குழாய்கள், நெஞ்சில் ஒரு விளக்கு. உடம்பிலிருந்து போதுமான சூடு வெளியேறுகிறதா என்று சட்டையே கணக்குப் போடும். வெளியேறினால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. சிவப்பில் வேலை செய்வது குற்றம். அளத்தின் கதவே பூட்டிக்கொள்ளும். அந்தக் கணக்கை எழுதியவன் நான். கோதண்டபாணி, முதுநிலைப் பொறியாளர், வயது ஐம்பத்திரண்டு, குளிர்சாதன அறையில் இருபத்தெட்டு ஆண்டு அனுபவம்.

இந்தச் சட்டை வருவதற்கு முன்னால் உப்பளத்து வேலை விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிந்துவிடுமாம். இப்போது தலைகீழ். சித்திரையில் விடியற்காலையிலேயே முப்பத்து நான்கு டிகிரி இருக்கிறது. அப்போது சட்டை சிவக்கும். பதினொரு மணிக்கு மேல் பச்சையாகும். நாலரைக்கு மேல் மறுபடி சிவக்கும். ஆகவே கீழமுந்தலில் விடிந்ததும் பல் தேய்த்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். கல்யாணங்கள் காலை ஏழு மணிக்கு, 'செவப்பு நேரத்தில்', ஏனென்றால் அப்போதுதான் எல்லாரும் சும்மா இருப்பார்கள். தேநீர்க் கடை பத்து மணிக்குத் திறக்கிறது. உச்சி வெயிலில் ஊரே வேலைக்குப் போகிறது. ஆறு வருடமாக.

அன்று காலை ரயிலில் வரும்போது, தேவதுரையின் சட்டை பற்றி மருத்துவ வாரியத்துக்குச் சான்றிதழ் எழுதுவதற்காக என் பழைய கணக்கை எடுத்துப் படித்தேன். ஏழு வருடத்துக்குப் பிறகு. நாற்பத்து ஒன்றாம் வரியில் இரண்டு செங்குத்துக் கோடுகள் நின்றன. அவற்றைப் பார்த்ததும் இட்லிப் பொட்டலத்தை மூடி வைத்தேன். அவற்றை எடுத்துவிட்டு, கழித்து மைனஸ் வந்தால் சிவக்கும்படி மாற்றி ஒரு சட்டையில் பார்க்கலாம் என்றுதான் பொத்தானை அமுக்கினேன். மீதியைத்தான் சொல்லிவிட்டேனே.

நாலரைக்குச் சட்டைகள் சிவந்து வேலை முடிந்ததும் ஜெயரூபி நேராக என்னிடம் வந்தாள். உதட்டில் உப்பு பூத்திருந்தது.

"சிக்னலு சரியாயிட்டா சார்?"

"ஆயிடுச்சும்மா."

"அப்படி என்னதான் சார் அது கணக்குப் போடுது?"

நான் கொஞ்சம் உற்சாகமாகிவிட்டேன். இருபத்தெட்டு வருடத்தில் என் மனைவி உட்பட யாரும் அதைக் கேட்டதில்லை.

"காத்து சும்மா நிக்கிற மாதிரி தெரியும். ஆனா உங்க தோலைத் தொட்டுட்டு இருக்கிற காத்து கொஞ்சம் சூடாகி, லேசாகி, மேல எழும்பும். எழும்பும்போது உங்க சூட்டையும் தூக்கிட்டுப் போகும். எழும்பணும்கிற துடிப்பு ஒரு பக்கம், எழும்ப விடாம இழுக்கிற பிசுக்கு ஒரு பக்கம். ரெண்டுல எது பெரிசுன்னு சொல்ற எண்ணுக்கு கிராஷாஃப் எண்ணுன்னு பேரு. அதுல கிலோ கிடையாது, மீட்டர் கிடையாது. வெறும் எண்."

"காத்துக்குப் பிசுக்கு உண்டா?"

"உண்டு. சூடு ஏற ஏறப் பிசுக்கும் ஏறும்."

"மனுசன மாதிரிதான். சூட்டுல அதுக்கும் எந்திக்க முடியல." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தத் துடிப்பு எங்க இருந்து சார் வருது?"

"தோலோட சூட்டுல இருந்து காத்தோட சூட்டைக் கழிப்போம். வித்தியாசம் ஜாஸ்தின்னா துடிப்பு ஜாஸ்தி. அந்த எண்ணை வச்சுத்தான் எவ்வளவு சூடு வெளிய போகுதுன்னு சட்டை சொல்லும்."

"தோலை விடக் காத்து சூடா இருந்தா?"

எனக்கு இருமல் வந்தது. வராத இருமல்தான், வரவழைத்துக்கொண்டேன்.

அவள் காத்திருந்தாள். நான் இருமி முடிக்கும் வரை பொறுமையாக நின்றாள். பிறகு "சரி சார், நாளைக்குப் பத்து மணிக்கு வாரியத்துல பாப்போம்" என்று போய்விட்டாள்.

ஏழு வருடத்துக்கு முன் நடந்தது இதுதான். கணக்கை இருபத்து நான்கு டிகிரி அறையில் எழுதினேன், அங்கேயே சோதித்தேன். பிரமாதமாக ஓடியது. வெள்ளோட்டத்தன்று விருந்தினர்கள் வந்து, வளாகத்து மைதானத்தில் மே மாத மதியத்தில் சட்டையை மாட்டியதும் திரை நின்றுபோனது. தோல் முப்பத்தைந்து, காற்று நாற்பத்தொன்று. கழித்தால் மைனஸ் ஆறு. அந்த எண்ணுக்கு வர்க்கமூலம் மாதிரி நான்காம் மூலம் எடுக்க வேண்டும்; மைனஸுக்கு எடுக்க முடியாது என்று இயந்திரம் கையை விரித்துவிட்டது. பேச்சாளர் இன்னும் பதினைந்து நிமிடம் பேசுவார் என்றார்கள். நான் அந்தக் கழித்தலின் இரு பக்கமும் இரண்டு செங்குத்துக் கோடுகள் போட்டேன். கணக்குப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள்: அந்தக் கோடுகளுக்குள் எந்த மைனஸ் போனாலும் பிளஸாகத்தான் வெளியே வரும். மைனஸ் ஆறு, ஆறாகிவிட்டது. திரையில் பச்சை எரிந்தது. அந்த வெயிலில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

சாயங்காலம் சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் விருந்து இருந்தது.

காற்றின் பிசுக்கு, அடர்த்தி இதையெல்லாம் தோலுக்கும் காற்றுக்கும் நடுவிலுள்ள வெப்பநிலையில் எடுக்க வேண்டும் என்பது விதி. அதை நான்கு தசம இடம் வரை சரியாக எடுத்திருந்தேன். சூடு எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். காற்று உடம்பை வேகவைக்க வேகவைக்க, உடம்பு குளிர்கிறது என்று சட்டை சொன்னது. தோலின் சூடும் காற்றின் சூடும் சமமாக இருக்கிற விடியற்காலையில் வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டி வந்ததால், ஆபத்து என்று சிவந்தது.

கொட்டகைக்குப் பின்னால் நின்று என் மேலதிகாரி வைஜயந்தி மேடத்தை அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"கோதண்டம், உங்களை நாங்க அனுப்பினது தேவதுரை கேஸுக்கு. அவர் சட்டை ஆறு வருஷமும் பச்சையா இருந்துச்சுன்னு பதிவு இருக்கா?"

"இருக்கு மேடம்."

"அந்தப் பதிவு அவர் சட்டையில இருந்து வந்ததுதானா?"

"ஆமா மேடம்."

"அதை மட்டும் சர்டிஃபை பண்ணுங்க. அதுல பொய் ஒண்ணும் இல்லையே."

"மேடம், ஆறு வருஷமா யாருமே இதைப் பத்திச் சொல்லலையா? மதியம் வேகுதுன்னு ஒரு ஆள்கூடவா?"

"ஃபீட்பேக்குக்குன்னு ஒரு ப்ராசஸ் இருக்கு கோதண்டம்."

"அதுல ஏதாவது வந்துச்சா?"

"ப்ராசஸ் இருக்கு" என்று வைத்துவிட்டார்.

இருதயராஜைக் கேட்டேன். "புகாரா? இங்க யாரு சார் புகார் சொல்லுதா? எல்லாம் நல்ல சனங்க. டீ சாப்பிடுதியளா?" அந்தத் தேநீரை நான் குடித்ததும் உண்மை.

அதற்கு மேல் விடுதியில் உட்கார முடியாமல், பொழுது சாயும் நேரத்தில் விசாரித்துக்கொண்டு தேவதுரையின் வீட்டுக்குப் போனேன். நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம். மறுநாள் பத்து மணிக்கு அந்த ஆளின் முகத்தை முதல்முறையாகப் பார்ப்பதற்குப் பயந்துதான்.

நாற்பத்தாறு வயது. அறுபது என்று சொல்லலாம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பக்கத்தில் ஒரு டம்ளர். அதில் பேனாவால் நான்கு கோடு. காலை, மதியம், மாலை, இரவு. ஒரு நாளைக்கு அவ்வளவுதான் தண்ணீர். சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டன. வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்ய அரசு மையத்தில் இடம் வேண்டும். வெப்பத்தால் வந்த நோய் என்றால் உடனே இடம், இல்லையென்றால் பொது வரிசை. பொது வரிசையில் அவருக்கு முன்னால் இரண்டாயிரம் பேர்.

"வாங்க சார், வாங்க. ஏட்டி ரூபி, சாருக்கு மோர் குடு. நான் பாத்துக்கிட்டாவது இருக்கேன்."

"வேண்டாங்க."

"குடிங்க சார். அடுத்தவக குடிக்கத பாத்தா எனக்குத் தாகம் கொஞ்சம் அடங்கும். டாக்டர் இதுக்கு அளவு சொல்லல."

குடித்தேன். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நீங்கதான் சட்டையைப் பத்திச் சொல்லுவியளாமே. நல்லாச் சொல்லுங்க சார். நான் ஒரு நாள்கூடச் செவப்புல நின்னதில்ல. ஊர்ல சில பேரு சட்டைக்குள்ள ஈரத்துணியச் சொருகி ஏமாத்துவானுவ. நான் செஞ்சதில்ல. ஆறு வருசமும் பச்சைதான்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொன்னேன். கோடுகள், மைனஸ், பொன்னாடை எல்லாவற்றையும். சொல்லி முடித்ததும் அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை.

தேவதுரை டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். "அப்ப நான் வெந்துகிட்டு இருந்தப்ப, குளுந்துகிட்டு இருக்கான்னு சட்டை சொல்லிச்சா?"

"ஆமாங்க."

"நம்ம இருதயராஜ் மாதிரில்லா இருக்கு" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. இது வரவழைத்த இருமல் இல்லை.

ஜெயரூபி சிரிக்கவில்லை. "சரி பண்ணிட்டா மத்தியானம் என்ன எரியும் சார்?"

"சிவப்பு."

"விடியக்காலம்?"

"முப்பத்து நாலு டிகிரின்னா... அதுவும் சிவப்புதான்."

"அப்ப எப்பந்தான் பச்சை?"

"கார்த்திகைக்கு மேல இருக்கும்."

"கார்த்திகையில மழை சார். மழையில உப்பு வெளையாது."

அதை நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் விடுவதில் எனக்கு ஒரு நிலையான தேர்ச்சி உண்டு. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த மனிதருக்கு இடமில்லை. திறந்தால் முந்நூற்று நாற்பது பேருக்கு வேலையில்லை. அதில் ஒருத்தி எனக்கு மோர் கொடுத்தவள். இந்த வீட்டில் சம்பாதிப்பதும் அவள் மட்டும்தான்.

"நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன்.

"எங்கிட்டயா கேக்கிய?" என்றாள்.

தேவதுரை மேற்கூரையைப் பார்த்தார். "இன்னைக்கி இது நாலாவது கோடு ரூபி. குடுத்துரு, உறங்கணும்."

நான் எழுந்தேன். வாசலில் நின்று, நாள் முழுக்கக் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். "ஆறு வருஷமா உங்களுக்கு வேகுதுன்னு தெரியுமில்ல. ஏம்மா யாருமே சொல்லலை?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கடைசி பஸ்சு போயிரும் சார்" என்றாள் ஜெயரூபி.

மறுநாள் மருத்துவ வாரியம். மூன்று மருத்துவர்கள், ஒரு தொழிலாளர் அதிகாரி, ஒரு குளிர்சாதனக் கருவி. இருபத்து நான்கு டிகிரி. தேவதுரையைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். தலைமை மருத்துவர் ஒரு அம்மாள். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர்.

"சட்டைப் பதிவுப்படி இவருக்கு ஒரு நாளும் வெப்பத் தாக்கம் இல்லை. இதை உறுதிப்படுத்துறீங்களா, மிஸ்டர் கோதண்டபாணி?"

வைஜயந்தி மேடம் தட்டச்சு செய்து அனுப்பிய சான்றிதழ் கையில் இருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டு இடம் விட்டிருந்தார்கள்.

"பதிவு சரி, மேடம். பதிவு பண்ணின கணக்கு தப்பு."

"சட்டையில கோளாறுன்னு சொல்றீங்களா?"

"சட்டை சொன்னதைத்தான் செஞ்சுது. சொன்னது நான்."

சான்றிதழின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். முப்பத்தைந்து, நாற்பத்து மூன்று, மைனஸ் எட்டு. அவசரத்தில் எட்டு பூஜ்யம் மாதிரி விழுந்தது, திருத்தி எழுதினேன். தொழிலாளர் அதிகாரி, "அப்ப தமிழ்நாடு பூரா..." என்று தொடங்கி முடிக்காமல் நிறுத்தினார். தலைமை மருத்துவர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு தேவதுரையைப் பார்த்து, "மதியத்துல தலை சுத்துமா?" என்று கேட்டார்.

"ஆறு வருசமா சுத்துது தாயி. பச்சைதான எரியுதுன்னு இருந்துட்டேன்."

ஒரு மணி நேரத்தில் இரண்டு உத்தரவுகள் வந்தன. தேவதுரைக்கு வரும் திங்கட்கிழமை முதல் மையத்தில் இடம். தொழிலாளர் துறை உத்தரவுப்படி அன்று மதியம் முதல் எல்லாக் குளிர்ச்சட்டைகளும் நிறுத்தம். மறு உத்தரவு வரும் வரை திறந்தவெளி வேலைகள் எதுவும் கூடாது.

வராண்டாவுக்கு வந்தேன். கீழமுந்தலிலிருந்து நாற்பது ஐம்பது பேர் வந்து நின்றிருந்தார்கள். கைதட்டலை எதிர்பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ தெரியாது. ஆனால் கொஞ்சம் எதிர்பார்த்தேன். யாரும் தட்டவில்லை. இருதயராஜ் மட்டும் பக்கத்தில் வந்து, தேநீர் வேண்டுமா என்று கேட்காமல், "முந்நூத்தி நாப்பது பேருகிட்ட நான் என்ன சார் சொல்லட்டும்?" என்றார். கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. வைஜயந்தி மேடம். இப்போது ஏதோ ஒரு ப்ராசஸ் வேலை செய்யத் தொடங்கியிருக்க வேண்டும்.

ஜெயரூபி கணவனின் நாற்காலியை வராண்டா ஓரத்தில் நிழலுக்குத் தள்ளி நிறுத்தினாள். உத்தரவுத் தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள்.

"நாளைக்கு என்னம்மா செய்வீங்க?"

"சட்டை இல்லன்னா கதவு எப்படி சார் பூட்டும்? பூட்டாதுல்லா. விடியக்காலம் மூணு மணிக்குப் போவோம், பழையபடி. பிடிச்சா பிடிக்கட்டும். பிடிக்க வாரவுகளுக்கும் அந்நேரம் உறக்கம் வரும்."

சிரித்தேன். அவளும் லேசாகச் சிரித்தாள். அந்தத் தைரியத்தில், பேசாமல் போயிருக்க வேண்டிய நான், மறுபடியும் கேட்டேன்.

"நேத்திலிருந்து எல்லார்கிட்டயும் கேக்கறேன். யாரும் நேராப் பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருந்தும், ஏன் ஒருத்தர்கூடச் சொல்லலை?"

தேவதுரை, "விடு ரூபி" என்றார்.

"இல்ல, சாரு கேக்காவள்லா." அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. "சொன்னோம் சார். சட்டை வந்த மொத வருசமே. மாதா கோயில் மண்டபத்துல எங்களுக்குப் பயிற்சி நடந்துச்சு. இவுகதான் எந்திச்சிக் கேட்டாவ, மத்தியானம் ஒடம்பு வேகுது, சட்டை பச்சை காட்டுதே, எங்கேயோ மாறிக் கெடக்கு, கொஞ்சம் பாருங்கன்னு. வந்திருந்த இன்ஜினியரு சொன்னாவ, தோலு ஏமாத்தும் அண்ணாச்சி, கணக்கு ஏமாத்தாதுன்னு."

"யார் அந்த இன்ஜினியர்?"

"நீங்கதான் சார். அன்னைக்கி நீங்க ரொம்ப வேடிக்கையாப் பேசுனிய. எல்லாரும் சிரிச்சோம். இவுகளும் சிரிச்சிட்டு உக்காந்துட்டாவ."